பழுப்புப் பக்கத்தில் ஓர் எண்

தளபதி என்று எல்லாரும் அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் அவருடைய வீரம் இல்லை. கரப்பான்பூச்சி குறுக்கே ஓடினால் மனைவியைத்தான் கூப்பிடுவார். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பொய்ப்பல் செய்வது அவர் வேலை. பகல் முழுக்க யார் வாயிலோ ஏறப்போகும் பல்லை இழைத்து மெருகேற்றுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே கையால், அதைவிடச் சின்னத் தூரிகையால், கட்டைவிரல் உயரமுள்ள ஈயப் பொம்மை வீரர்களுக்குக் கண்ணும் மீசையும் எழுதுவார்.

அந்த வீரர்கள் அலமாரியில் சும்மா நிற்பதற்கானவர்கள் அல்ல. பெரிய மேசையில் பச்சைத் துணியை விரித்து, அட்டையில் செய்த மலையும் பாலமும் வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று படை நடத்தும் விளையாட்டு அது. பகடை உருட்ட வேண்டும். எந்தப் படை எவ்வளவு தூரம் நகரும், எவ்வளவு தூரம் அம்பு விடும் என்று டேப் வைத்து அளக்க வேண்டும். சதுரங்கம் மாதிரிதான், ஆனால் கட்டம் கிடையாது. விதிகள் மட்டும் மூட்டை மூட்டையாக உண்டு. ஊரில் இதற்குப் பைத்தியமானவர்களை ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம், அப்போதும் இருக்கை மிஞ்சும்.

அவர்களுக்காகவும், வெளியூர்களில் இருந்த அவர்களைப் போன்றவர்களுக்காகவும் தளபதி நடத்திய பத்திரிகை ‘மேசைக்களம்’. முதலில் அது நகலெடுத்துப் பின் அடித்த சில தாள்கள்தான். சந்தாதாரர்கள் கூடியதும் அச்சகத்துக்குப் போனது. வண்ணத்தில் அச்சிடலாம் என்று தெரிந்த நாளில் தளபதிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கம் முழுக்கப் பழைய தோல்சுவடியைப் போலப் பழுப்பு, அதற்குமேல் போர்க்களத்தின் வரைபடம், அதற்கும்மேல் சிவப்பு எழுத்து, எல்லாம் வழவழப்பான தாளில். வரைபடங்களைத் தானே ஆசை ஆசையாக வரைந்தார். பக்கங்களைக் கணினியில் கோத்துக்கொடுத்தவன் மனைவியின் தம்பி. செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அவனும் இந்த விளையாட்டில் விழுந்தவன்தான்.

தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த மனைவி, இதழ்களை உறையில் போடும்போது ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள்.

“இது பத்திரிகையா, கல்யாணப் பத்திரிகையா? தடவிப் பாக்க நல்லா இருக்கு.”

“படிச்சுப் பாரேன்.”

“அதுக்குத்தான் முயற்சி பண்ணினேன்” என்று சொல்லிவிட்டு உறையை ஒட்டினாள். தளபதி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் ஆட்டம் நடக்கும். அங்கே தளபதிக்கு மிக நெருங்கியவர் கணக்கு வாத்தியார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே முகம். அடுத்தவர் டேப்பைத் தளர்த்திப் பிடித்தால், “இழுத்துப் பிடிப்பா, எனக்குச் சாதகமா இருந்தாலும் தப்பு தப்புதான்” என்பார். அவர் அளந்ததை இன்னொரு முறை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு ஞாயிறு, புதிய இதழில் வந்த ஆற்றங்கரைப் போரை வாத்தியாரும் மச்சினனும் ஆடினார்கள். அந்தப் போருக்கென்று தனி அளவுகள் உண்டு. மச்சினனின் குதிரைப்படை பாலத்தைத் தாண்டியதும், குன்றின்மேல் நின்ற தன் வில்லாளிகளைக் காட்டி வாத்தியார் பகடையை எடுத்தார்.

“சார், அது எட்டாது” என்றான் மச்சினன்.

“ஏன் எட்டாது? அளந்து பாரு. பதினேழு அங்குலம்.”

“பதினேழுதான். ஆனா அம்பு பதிமூணுக்கு மேல போகாதே.”

“பதினெட்டுன்னு போட்டிருக்கேப்பா. நேத்து ரெண்டு தடவை பார்த்தேன்.”

“நான்தான் சார் டைப் அடிச்சேன். பதிமூணு.” அவன் செல்போனைத் திறந்து, தான் அடித்துவைத்திருந்த விதிகளை நீட்டினான். வெள்ளைத் திரையில் கறுப்பாகப் பதின்மூன்று என்ற எண் பளிச்சென்று நின்றது. அச்சிட்ட இதழை அன்று யாரும் கொண்டுவந்திருக்கவில்லை. கூடியிருந்தவர்கள் செல்போனைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆட்டச் சூட்டில் இருந்தவன், “தோக்கப்போறோம்னா சிலருக்கு எண்ணெல்லாம் மாறித் தெரியும்போல” என்று சொல்லிவிட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் தளபதியைப் பார்த்தார். தளபதி மேசையைப் பார்த்தார். ஒரு பக்கம் மச்சினன், ஒரு பக்கம் நண்பர். இருவருக்கும் நடுவில் செல்போனில் கண்ணுக்கு முன்னால் அந்த எண். ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை.

“அப்படியா? சரி” என்றார் வாத்தியார். தன் வீரர்களை ஒவ்வொருவராகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். அவசரமே இல்லை. மூடியை அழுத்திச் சாத்திவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் அவர் மனைவி எடுத்து, “குளிக்கிறார்” என்றார், இன்னொரு நாள், “தூங்குறார்.” மனிதர் இவ்வளவு குளித்துத் தூங்குகிறவர் இல்லை என்பது தளபதிக்குத் தெரியும்.

“இது போன்ல பேசுற விஷயமா?” என்றாள் தளபதியின் மனைவி. “உங்க வீரத்தையெல்லாம் மேசையிலதான் காட்டுவீங்களா? நேர்ல போங்க.”

ஒரு விடுமுறை நாள் மதியம் போனார். வாத்தியார் கூடத்தில் பழைய குடையின் கம்பிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியைக் காட்டினார். அவர் மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனதும் குடையைக் கீழே வைத்தார்.

“நான் பொய் சொல்ற ஆளா, தளபதி?”

“இல்ல.”

“அதை அன்னைக்கு அங்க சொல்லியிருக்கலாமே.”

தளபதி தலையைக் குனிந்துகொண்டார். “சொல்லியிருக்கணும். தப்புதான்.”

வாத்தியார் குடையைச் சுவரோரம் தள்ளினார். “கோபம்கூடப் பெரிசில்ல. பயந்துட்டேன். வீட்டுக்கு வந்து திரும்பப் பார்த்தேன், மறுபடியும் பதினெட்டுன்னே தெரியுது. அவன் போன்ல பதிமூணு. அப்போ எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லா இருக்கு, கண்ணாடிகூட மாத்த வேணாம்னுட்டார். அப்போ புத்திதானே? படுக்கையில படுத்துக்கிட்டு வாய்ப்பாடு சொல்லிப் பார்த்துக்கிட்டிருக்கேன். பத்தொன்பதாம் வாய்ப்பாடு தடங்கல் இல்லாம வருது. ஆனா காலையில எழுந்து பார்த்தா பதினெட்டு பதினெட்டாவே இருக்கு.”

அலமாரியிலிருந்து இதழை எடுத்துவந்து பிரித்தார். “நீங்களே படிங்க. இப்படிச் சாய்ச்சா ஜன்னல் வெளிச்சம் அடிக்குது. அப்படிச் சாய்ச்சா என் மூஞ்சி தெரியுது. எழுத்து நடுவுல எங்கயோ இருக்கு, பிடிங்க.”

தளபதி வாங்கிப் பார்த்தார். பல்லில் மயிரிழை விரிசலையும் கண்டுபிடிக்கிற கண் அது. அவருக்கும் பதினெட்டு என்றுதான் தெரிந்தது. எழுந்து ஜன்னலோரம் போனார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார். எண்ணுக்குப் பின்னால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவரே வளைத்து வளைத்து வரைந்த ஆறு. அதன் செம்பழுப்புக் கரை, மூன்றின் திறந்த இடப்பக்கத்தை ஒட்டி வளைந்து இரண்டு வாயையும் அடைத்திருந்தது. எழுத்தின் சிவப்பு லேசாகக் கசிந்து கரையோடு ஒட்டிக்கொண்டதில் மூன்று அசல் எட்டாகியிருந்தது.

“வாத்தியாரே,” என்றார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகல. இங்க பாருங்க. இது நான் வரைஞ்ச ஆறு.”

வாத்தியார் கிட்டே வந்து பார்த்தார். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க. நீங்க அளவையே ஆத்துல போட்டுட்டீங்களே” என்று சொல்லி, அவரே சிரித்தார். உள்ளே இருந்த மனைவி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

தளபதி வீட்டுக்கு வந்து பழைய இதழ்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். யாரோ ஒருவர் நடத்தும் பத்திரிகை என்று நினைத்துப் படித்தார். தன் கட்டுரையையே தன்னால் முடிக்க முடியவில்லை. புகைமூட்டப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து நடுப்பக்கத்தில் கரைந்துபோனது. வந்து பார்த்த மச்சினன் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தான்.

“ஸ்கிரீன்ல தெளிவா இருந்துச்சு, மாமா.”

“இருந்திருக்கும். வாசகர் வீட்டுக்கு ஸ்கிரீனா போகுது?”

அவன் இதழை மூடிவைத்தான். முகம் தொங்கிப்போய்க் கிளம்பினான்.

அச்சக முதலாளி, “கலர் வேணாமா? நல்லாத்தானே இருந்துச்சு” என்று வருத்தப்பட்டார்.

“படத்துக்கு இருக்கட்டும். எழுத்துக்கு வெள்ளைத் தாள், கறுப்பு மை. பளபளப்பு வேணாம்.”

வரைபடத்துக்குத் தனிப் பக்கம், அளவுகளுக்குத் தனிக் கட்டம், வாய் நன்றாகத் திறந்த மூன்று. மாதிரித் தாளைப் பேருந்தில் ஆடிக்கொண்டே படித்துப் பார்த்தார். நூலக மாடியின் மங்கல் விளக்கிலும் பிடித்துப் பார்த்தார். அந்தப் பழுப்பை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வலிக்கத்தான் செய்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

புதிய இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் வந்தது. அம்பின் தூரம் பதின்மூன்று அங்குலம். அதைப் பதினெட்டு என்று படித்தவர் சரியாகவே படித்தார், அச்சில்தான் பிழை, அதற்கு ஆசிரியரே பொறுப்பு என்று இருந்தது. அதன்கீழ் தளபதியின் கையெழுத்து.

அது வெளிவந்த வாரம் மச்சினன், சுருட்டிய பச்சைத் துணியும் ஒரு பெட்டியுமாக வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“என்னப்பா இது?”

“குதிரைப்படை, சார். அன்னைக்கு நின்ன இடத்துல இருந்தே ஆடலாம்னு…” என்று பெட்டியை நீட்டியவன், “நான் சொன்னது ரொம்பத் தப்பு, சார். மனசுல வச்சுக்காதீங்க” என்றான்.

“வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார் வாத்தியார். “உள்ள வா. செருப்பை அங்க விடு, துணியில மண்ணு படப்போகுது.”

அம்பு பதின்மூன்று அங்குலத்தோடு நின்றதால் வாத்தியாரின் குன்று விழுந்தது. அடுத்த ஞாயிறே அவர் நூலக மாடிக்கு வந்து, தான் தோற்ற கதையைத் தானே எல்லாருக்கும் சொன்னார்.

இதழைப் பற்றிய கடிதங்கள் இரண்டு விதமாக வந்தன. பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது என்று ஒருவர் சந்தாவை நிறுத்தினார். இன்னொருவர், இத்தனை காலம் படம் மட்டும்தான் பார்த்துவந்ததாகவும், எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்திருந்ததாகவும் எழுதியிருந்தார். ஆனால் தளபதி எதிர்பாராத ஒன்றும் நடந்தது. எழுத்து தெரிய ஆரம்பித்ததும் ஜனங்கள் விதிகளை உண்மையாகவே படித்தார்கள், ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். குதிரை படகில் ஏறலாமா, பாலம் இடிந்தால் மேலே நிற்பவன் கணக்கு என்ன என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். வாத்தியார் மட்டும் ஒரு முழு நீளத் தாளில் தன் சந்தேகங்களை எழுதிக்கொடுத்தார்.

“முன்னாடி இவ்வளவு வேலை இல்லையே உங்களுக்கு?” என்றாள் மனைவி, தபால் கட்டை மேசைமேல் வைத்து.

“முன்னாடி யாரும் படிக்கல” என்று சொல்லிவிட்டு, தளபதி முதல் கடிதத்தைப் பிரித்தார்.