வேலாயியைத் தள்ளி நிற்க வைத்தேன்

வேலாயி டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு வாக்கப்பட்டு வந்தவள். கொழுந்தெடுப்பதில் அவள் கைக்கு யாரும் ஈடில்லை. வாய்தான் கிடையாது. அந்த வாயில்லாதவளை ஐந்து வருடம் ஒதுக்கி வைத்தவள் நான். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

முதலில் அவள் முழங்கை சிவந்து செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு முதுகு. அதற்கு முந்திய வருடம்தான் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சிரங்கு ஒட்டிப் படாத பாடு பட்டிருந்தோம். அரிக்கிற தோலெல்லாம் எனக்கு ஒரே ரகம். தண்ணீர் விழுகிற பீலியில், எல்லாருக்கும் முன்னால், "நாங்க குளிச்சப்புறம் நீ வா" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அன்றிலிருந்து மழையானாலும் பனியானாலும் வாளியோடு ஓரத்தில் நின்றாள்.

போன மாதம் நுவரெலியாவில் ஒரு கிளினிக்கில் அவள் தோலில் சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் பார்க்கப் போகும்போது, எனக்குச் சிங்களம் தெரியும் என்று என்னைத்தான் கூப்பிட்டாள்.

சிங்கள டொக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "நம்ம ஒடம்பக் காக்குற வெள்ளணுதான் தோலுக்குள்ள பூந்து கலாட்டா பண்ணுதாம். எந்த வகைன்னு பார்த்துத்தான் நோயப் பிரிப்பாங்களாம். டி-செல்லுன்னு ஒண்ணு இருக்காம். அதுல ரெண்டாம் வகை சேட்டை பண்ணுனா எக்ஸிமா. ஒனக்குப் பதினேழாம் வகையாம். இது சொரியாசிஸ்."

"ஒட்டுமாக்கா?"

கேட்டுச் சொன்னேன். "ஒட்டவே ஒட்டாதாம்."

அவள் அப்போதும் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். அதைப் பார்த்து டொக்டர் கேட்டதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தள்ளி நிக்கச் சொன்ன முட்டாள் யாருன்னு கேக்குறாங்க."

"யாரும் சொல்லல, நானாத்தான் நின்னேன்னு சொல்லுங்கக்கா."

அதையே சிங்களத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. "நான்தான் சொன்னேன், டொக்டர்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

மறுநாள் காலை பீலியில் பெண்கள் கூடியிருந்தபோது உரக்கச் சொன்னேன். "இது ஒட்டுற நோயில்ல. நான் பேசுனது புத்தி கெட்ட பேச்சு. வேலாயி, மொதல்ல நீ குளி."

"ஒங்க வாய்க்குப் பயந்துதானேக்கா நாங்களும் சும்மா இருந்தோம்" என்றாள் பக்கத்து வீட்டு ஜீவராணி. அந்தக் குத்தலையும் வாங்கிக்கொண்டேன்.

வேலாயி நகரவில்லை. "நீங்க குளிங்கக்கா. எனக்குப் பழகிருச்சு."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் இன்னும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.