ஸ்பிரிங்கின் எடை

கல்லூரி இயற்பியல் ஆய்வகத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் தசமப் புள்ளி. ஒரு புள்ளி இடம் மாறினால் மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அவருடைய மனைவியும் அங்கேதான் செய்முறை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். ஆய்வகத்தில் அவள் இன்னொரு ஊழியர், அவ்வளவுதான். அதில் அவருக்கு என்ன பெருமையோ!

அந்த வருஷம் மாணவர்கள் இழுத்து இழுத்து நாசமாக்கிய மெல்லிய ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கனமானவை வாங்கினார்கள். அவள் அவற்றில் ஒன்றில் கால் கிலோ குண்டைத் தொங்கவிட்டாள். கீழே இழுத்து விட்டு, நடுவழியில் குண்டின் வேகத்தை அளந்தாள். இழுத்தபோது சேர்ந்த ஆற்றல் முழுக்க அங்கே குண்டின் ஓட்டமாக மாறியிருக்க வேண்டும். நூற்றுக்கு எண்பத்து மூன்றுதான் வந்தது. ஐந்து முறை செய்தாள், ஐந்து முறையும் அதே. அதையே கரும்பலகையில் எழுதினாள்.

தலைவர் உள்ளே வந்தார். "ஆற்றல் அழியாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மீதி பதினேழு எங்க போச்சு, உன் கைப்பைக்குள்ளயா?"

நாற்பது மாணவர்கள் சிரித்தார்கள். அவர் அழித்துவிட்டு நூறு என்று எழுதினார். அடுத்த மாதம் அவள் நூலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். வீட்டில் பேச்சு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது.

பதினோரு வருஷம் கழித்து, ஓய்வுபெறும் வாரத்தில், கழித்துக் கட்டும் சாமான்களை எடை போட்டார். ஸ்பிரிங் மட்டும் நூற்றைம்பது கிராம்! ஸ்பிரிங்குக்கு எடையே இல்லை என்று வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். ஆனால் குண்டோடு சேர்ந்து சுருள்களும்தானே ஓடுகின்றன? மேல் சுருள்கள் மெதுவாகத்தான் ஓடும் என்பதால், ஸ்பிரிங் எடையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குண்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டார். காணாமல்போன பதினேழும் ஸ்பிரிங்கிலேயே இருந்தது.

நேரே நூலகத்துக்குப் போனார். "நீ அளந்ததுதான் சரிம்மா. ஸ்பிரிங்கோட எடையை நான் யோசிக்கவே இல்ல."

அவள் புத்தகத்துக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குச் சாயங்காலமே எடை போட்டுப் பார்த்துட்டேன். வீட்டுக்கு வந்து சொல்ல ஆரம்பிச்சேன். 'இன்னும் அதையே பிடிச்சுட்டுத் தொங்குறியா, போய் வேலையைப் பாரு'ன்னீங்க."

அவர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். அப்படிச் சொன்னதே அவருக்கு நினைவில் இல்லை.