மழை நாளில் குறைந்த நாடித்துடிப்பு

2024 ஜூலை 9, செவ்வாய். காலை ஐந்து மணிக்கு எழுந்து, 'மழை இல்லை' என்று டைரியில் எழுதினேன். எந்த நாளானாலும் முதல் வரி வானிலைதான். சீரகத் தண்ணீர், புட்டு, பயறு. எட்டு முப்பத்தைந்துக்கு உதியன்குளங்கரையில் பஸ். குன்னத்துகால் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியை.

முதல் பாடவேளை ஒன்பதாம் வகுப்பு. ஜூனிலிருந்து எடுத்த உடல்தகுதிச் சோதனை அட்டைகளைப் பிள்ளைகளிடமே கொடுத்து, எண்களை அவர்களே வாசித்துப் பொருள் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டத்தில் நொடி குறைந்தால் நல்லது. குனிந்து காலைத் தொடுவதில் சென்டிமீட்டர் கூடினால் நல்லது. ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு குறைவாக இருந்தால் பெரும்பாலும் நல்லது.

ஒரு பெண்ணின் அட்டை மட்டும் இதற்கு அடங்கவில்லை. அறுநூறு மீட்டரில் வகுப்பிலேயே முதல். ஓய்வு நாடியோ தொண்ணூற்றாறு, வகுப்பிலேயே அதிகம்.

"டீச்சரே, இவளுக்கு சும்மா இருந்தாத்தான் களைப்பு. ஓடினா சரியாவும்," என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"எலே, உன் அட்டையப் பாரு. உன்னைவிட ஆமை வேகமாக்கும்," என்றாள் அவள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை துணை மாவட்ட ஓட்டத் தேர்வு. அம்மா கையெழுத்திடாமல் அவள் போக முடியாது. முந்தின நாள்தான் அந்த அம்மா அட்டையோடு வந்து நின்றார்.

"சனிக்கிழமை மழையில நனைஞ்சு பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்க எழுபது, ஒரு சூக்கேடும் இல்லைன்னாவ. உங்க அட்டையில தொண்ணூத்தாறு. எதை நம்பணும்? அது தெரியாம நான் ஒப்பு போட மாட்டேன்."

அட்டையை வாசிக்கக் கற்றுக்கொடுப்பவள் நான். மறுபடி எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன்.

இப்போது அவளை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணினேன். தொண்ணூற்று நான்கு. எனது எண்ணிக்கையில் பிழை இல்லை. டைரியைத் திறந்து அவளுடைய பழைய அளவுகளைப் பார்த்தேன். 96, 68, 92, 66. அந்தந்த நாளின் முதல் வரியையும் பார்த்தேன். மழை இல்லை, மழை, மழை இல்லை, மழை. ஆஸ்பத்திரிக்குப் போன சனிக்கிழமையும் மழை.

மழை பெய்தால் இதயம் மெதுவாகுமா? குளிரா? மற்ற பிள்ளைகளின் எண்களில் இப்படி ஏதும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அவளிடமே கேட்டேன்.

"மழையில வெட்டு இல்லைல்லா டீச்சர்," என்றாள், இதைக்கூடவா கேட்பது என்பதுபோல.

அவளும் அம்மாவும் இன்னொருவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். அந்த மரங்களுக்கு மழை மறைக்கும் பிளாஸ்டிக் கட்டவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. மழை இல்லாத நாளில் விடியுமுன் முந்நூறு மரத்தின் பட்டையை வெட்டி, பிறகு பாலெடுத்து, வாளிகளைச் சரிவில் சுமந்து இறக்கி, குளித்து, மணியடிக்கும் நேரத்துக்கு ஓடி வந்து சேர்வாள். அதன் பிறகுதான் நான் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி, ஓய்வு நாடி என்று எழுதியிருக்கிறேன்.

"காலையில் உடற்பயிற்சி உண்டா என்று அட்டையில் கேட்டதற்கு இல்லை என்றுதானே எழுதினாய்?"

"அது பயிற்சி இல்லியே டீச்சர். வேலையாக்கும்."

அப்படியானால் எது அவளுடைய எண்? மழை நாளின் எண்ணை மட்டும் எடுத்தால், எனக்கு வேண்டியதைப் பொறுக்கியதாக ஆகாதா? நாளை அவள் கண்விழித்ததும், எழும்பும் முன், அம்மா கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் அவள் நாடியை எண்ணட்டும் என்று சொல்லியனுப்பினேன். அவர் ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

"அம்மை எண்ணிருவா. முந்நூறு மரத்தையும் அவதானே எண்ணுகா," என்றாள்.

மறுநாள் காலை நாலேகாலுக்குப் போன் என்னை எழுப்பியது.

"டீச்சரே, அறுபத்தி நாலு. நம்பாம திருப்பி எண்ணினேன், அறுபத்தாறு. எதை எழுத?"

"ரெண்டையும் எழுதுங்க."

"செரி. ஒப்பு போட்டுக் குடுத்து விடுதேன். மழை இல்லை, வெட்டுக்கு நேரமாச்சு."

எழுந்து விளக்கைப் போட்டு டைரியைத் திறந்தேன். வானிலைக்கு முன்பாக, முதல் வரியில், அந்த இரண்டு எண்களையும் எழுதினேன்.