குண்டு விழுந்தால் ஓடாதவர்கள்

வடமதுரையைத் தாண்டி, திருச்சி சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் சினிமாக்காரர்கள் ஒரு தரிசு நிலத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். போரில் பிரிந்துபோன இரண்டு நண்பர்களைப் பற்றிய படம். ஒருவன் தப்பித்து வந்துவிடுகிறான். மற்றவனை விட்டுவிட்டு வந்த நினைவு அவனை வாழ விடுவதில்லை. செம்மண்ணும் அங்கங்கே நின்ற பனைகளும் இலங்கையின் வன்னி நிலத்தைப் போலவே இருப்பதாக இயக்குநர் கருதினாராம். கூட்டக் காட்சிக்கு அசல் முகங்கள் வேண்டும் என்று, திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு ஏஜென்ட் மூலம் ஆட்களைக் கேட்டிருந்தார்கள்.

என் நண்பன் அந்த முகாமில் இருப்பவன். போரின் கடைசி ஆண்டுகளில், பதினாறு வயதில், தனியாகப் படகேறி வந்து, பதினொன்றாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். கல்லூரியிலும் ஒன்றாகவே படித்தோம். நான் மேற்கொண்டு சமூகப்பணி படித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். அவன் பட்டத்தை வைத்துக்கொண்டு எந்த அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது என்பதால், முகாமின் பெரும்பாலான ஆண்களைப் போலப் பெயிண்ட் அடிக்கப் போனான். நோன்பு மாதத்தில் மாலைக் கஞ்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அத்தா அவனை விருந்தாளியாக நினைத்ததே இல்லை. தோல் கிடங்கிலிருந்து வந்ததும் என்னைத் திட்டுகிற அதே குரலில் அவனையும் திட்டுவார்.

அவன் போரைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசியிருக்கிறான். சிறுமலையிலிருந்து பேருந்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. என் கவனத்தைத் திருப்புவதற்காகச் சொல்பவன் போலச் சொன்னான். அவனும் பள்ளித் தோழன் ஒருவனும் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது ஷெல் விழத் தொடங்கியிருக்கிறது. தோழன், “படு, படு” என்று கத்தியிருக்கிறான். இவன் படுக்காமல் ஓடினான். இவனைப் பிடித்து இழுத்துப் படுக்க வைப்பதற்காக அவனும் எழுந்து பின்னால் ஓடி வந்தான். அடுத்தது விழுந்தது. இவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு நிற்கவில்லை. அவ்வளவுதான்.

படப்பிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. “சும்மா வா மச்சான், சினிமா எப்பிடி எடுக்கிறாங்கள் எண்டு பாப்பம்” என்று கூப்பிட்டான். நானும் விருப்பத்தோடுதான் போனேன். இந்தக் காயத்தைப் பற்றி ஒருவர் படம் எடுக்கிறார் என்பதே நல்ல காரியமாக எனக்குப் பட்டது. இன்றைக்கும் அது கெட்ட காரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கிழிந்த உடைகளைக் கொடுத்து, சட்டைகளில் சிவப்புச் சாயம் பூசினார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே அப்பு, இந்தச் சட்டையோட வீட்டுக்குப் போனா ஒம் பொண்டாட்டி ஒப்பாரி வச்சிருவாடா.”

“அவளா? செத்துட்டேன்னு தெரிஞ்சா மொதல்ல என் வண்டிச் சாவியத்தான் தேடுவா.”

ஒலிபெருக்கியில் உத்தரவு வந்தது. குண்டு வெடித்ததும் எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு கேமராவை நோக்கி ஓடி வர வேண்டும். மண்ணுக்கடியில் வைத்திருந்த வெடி வெடித்தது. செம்மண் பனை உயரத்துக்கு எழுந்தது. உள்ளூர்க்காரர்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். முகாமிலிருந்து வந்தவர்களோ அத்தனை பேரும் படுத்துவிட்டார்கள். ஒருவர்கூடத் தடுமாறி விழவில்லை. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மண்ணிலிருந்து சற்றே தூக்கி, விரல்களால் காதை அடைத்து, வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். முகாமிலேயே பிறந்து வளர்ந்த இளசுகள் சிலர் மட்டும் நடுவில் நின்றபடி, தரையில் கிடந்த தங்கள் தாய்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உதவி இயக்குநர் ஓடி வந்தார். சென்னைக்காரர், மரியாதை தெரிந்த இளைஞர். “ஏன் படுத்தீங்க? ஓடணும்னுதானே சொன்னோம்?”

“ஓடினாச் செத்துப் போவம் தம்பி” என்றார் ஒரு அம்மா, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே. “படுத்தாத்தான் சிதறுறது மேலால போகும்.”

“அது சரிம்மா. படுத்தா கேமராவுல ஒண்ணுமே தெரியாதே.”

அவர்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இனி ஓடுகிறோம் என்றார்கள். அடுத்த வெடிக்கும் படுத்தார்கள். அவர்களது மனம் ஒப்புக்கொண்டதை உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கடுத்த முறை ஒருவர் ஓடத் தொடங்கி, நான்கடி வைப்பதற்குள் முழங்கால் மடங்கி விழுந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர், “இவுகளுக்குச் சாப்பாட்டுல பாதிதான் குடுக்கணும், ஓடவே இல்ல” என்றதும், முகாம் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. முன்னால் ஒருவன் ஓடினால் மற்றவர்களும் பின்தொடர்வார்கள். என் நண்பனைக் காட்டினார். பெயிண்ட் வேலையில் அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி அவன்தான் என்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். உதவி இயக்குநர் அவனுக்கு விளக்கினார். பக்கத்தில் ஓடி வருபவன் விழுவான். நீங்கள் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பிறகு ஓட வேண்டும்.

“திரும்பிப் பாக்காம ஓடலாமோ?” என்று கேட்டான் நண்பன்.

“அந்தப் பார்வைதாங்க சீனே.”

நான் உதவி இயக்குநரைத் தனியே அழைத்து, இவனுக்குப் பதில் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்றேன். அவர் தயங்கினார். ஆனால் நண்பன் அதைக் கேட்டுவிட்டான். என் தோளில் கை வைத்து, “நடிப்புத்தானே மச்சான். வெயில்ல இவ்வளவு பேரும் காஞ்சு போய் நிக்கினம். வேலையை முடிச்சுப்போட்டுப் போவம்” என்றான்.

வெடித்தது. அவன் ஓடினான். பக்கத்தில் ஒருவன் விழுந்தான். இவன் திரும்பிப் பார்த்தான். பிறகு கேமராவைத் தாண்டி, ஜெனரேட்டர் வண்டியைத் தாண்டி, நாங்கள் நின்ற இடத்தையும் தாண்டி ஓடினான். இயக்குநர் எழுந்து நின்று, “ஓகே! பிரமாதம்!” என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்கிய பிறகுதான் அவன் இன்னும் திரும்பவில்லை என்பது தெரிந்தது. சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொடுத்து முடிந்தபோதும் அவன் வரவில்லை.

தேடினோம். அவன் ஓடிய திசையில் கத்தரித் தோட்டங்கள், பூந்தோட்டங்கள், தென்னைகள். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. பாதிக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை. ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் மண்டியிட்டு, தண்ணீர் கண்ணுக்குப் பழகும்வரை பார்த்துவிட்டு எழுந்தேன். ஒரு விவசாயி மருந்தடித்துக்கொண்டிருந்தார். “ரத்தச் சட்டையோட ஒருத்தன் ஓடுனாப்ல. எவனையோ வெட்டிப்புட்டு ஓடுறான்னுல நெனச்சேன்! கம்ப எடுத்துக்கிட்டு செத்த தூரம் வெரட்டுனேன். ஆளு சிக்கல” என்றார். அது சாயம் என்று சொன்னேன். “அதெப்படித் தம்பி எங்களுக்குத் தெரியும்?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அடுத்த தோட்டத்தில் இருப்பவரும் கம்பை எடுப்பார் என்று நினைத்ததும் ஓடத் தொடங்கினேன்.

செய்தி அனுப்பியதும் நண்பனின் மனைவி ஆட்டோவில் வந்தாள். முகாமிலேயே பிறந்த பெண். நான் போலீசுக்குச் சொல்லலாம் என்று தொடங்கியதுமே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அண்ணா. பொலிசுக்கு மட்டும் சொல்லாதீங்கோ. தானா வருவார்.”

அவள் அஞ்சியது வீண் அச்சமில்லை. முகாமிலிருந்து வேலைக்குப் போகலாம், ஆனால் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். முகாம் அலுவலகத்தில் சினிமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, தோட்ட வேலை என்று சொல்லித்தான் வந்திருந்தார்கள். ஒருவனைக் காணவில்லை என்று புகார் எழுந்தால் எல்லோருடைய பொய்யும் வெளிப்படும். விசாரணை வரும். முகாம் பதிவேட்டில் பெயர்கள் நிறுத்திவைக்கப்படும். பெயரோடு உதவித்தொகையும் அரிசியும் போகும். ‘ஓடினாச் செத்துப் போவம்’ என்று சொன்ன அந்த அம்மா என்னிடம் வந்து, “தம்பி, எங்களையும் ஒருக்கா யோசியுங்கோ” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் படித்த படிப்பு, இப்படிப்பட்ட தருணங்களில் பாதிக்கப்படும் எல்லோரையும் எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தது. எண்ணிப் பார்த்த பிறகு என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பக்கம் பல குடும்பங்களின் அரிசி, இன்னொரு பக்கம் ஒரு உயிர். அந்த உயிரின் மனைவியே சொல்லாதே என்கிறாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் கிணற்றில் எதுவும் தெரியாது. நான் அவள் கையை விலக்கிவிட்டு அலைபேசியை எடுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போலீசார் விரைவாகவே வந்தார்கள். “இம்புட்டு நேரமா என்னப்பா பண்ணிட்டிருந்தீங்க? காணோம்னதும் சொல்லியிருக்கலாம்ல?” என்று ஆய்வாளர் கடிந்துகொண்டார். அவர்களுக்கு அந்தப் பகுதி அத்துப்படி. நாங்கள் பார்க்கத் தோன்றாத இடங்களை அவர்கள் பார்த்தார்கள். பொழுது சாயும் முன் அவனைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். ரோட்டுக்கு அடியில் மழைநீர் போவதற்காகப் போட்ட சிமெண்ட் குழாய்க்குள் குப்புறக் கிடந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை. காலைப் பிடித்து இழுக்கப் போன காவலரைத் தடுத்து, நான் உள்ளே தவழ்ந்து போனேன்.

விரல்கள் காதில். வாய் திறந்திருந்தது. அவன் கையைத் தொட்டேன்.

“மாப்ள, நான்தான்.”

ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்து, “விழுந்து முடிஞ்சுதோ?” என்று கேட்டான்.

“முடிஞ்சிருச்சுடா. வா, வெளிய போவோம்.”

“அவன் எங்க?”

யாரைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் வர மாட்டான் என்றும் தெரியும். “பின்னாடி வாரான்” என்றேன்.

அதை நம்பி அவன் என்னோடு ஊர்ந்து வந்தான். குழாயின் வாயில் காக்கிக் கால்சட்டைகளும் பூட்ஸ்களும் நின்றன. அவன் அவற்றைப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பி, யாருமில்லாத குழாயைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான். அலறுவான் என்று நினைத்தேன். அலறவில்லை. கைகளிரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அவர்களிடம் சரணடைகிறவனாக வெளியே போனான். அந்தக் காவலர் பதறிப்போய், “ஐயோ, கைய எறக்குங்க சார்” என்றார். அவன் இறக்கவில்லை.

அவன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பல வாரங்கள் இருந்தான். விசாரணை நடந்தது. அஞ்சியபடியே பெயர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, மனு மேல் மனுவாகக் கொடுத்து, சில பெயர்களை மீட்டேன். எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை. அந்த அம்மா மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

படம் வெளிவந்தது. எங்கள் ஊர்த் திரையரங்கில் தனியாகப் போய்ப் பார்த்தேன். நல்ல படம். அவன் திரும்பிப் பார்க்கும் காட்சி சில நொடிகள் வருகிறது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போர் என்ன செய்யும் என்பதை அந்த மனிதர் அன்று கொஞ்சம் புரிந்துகொண்டிருப்பார். அதற்கு இந்த விலை தகுமா என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை. போலீசை அழைத்ததை மட்டும் இன்றும் செய்வேன். அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்பதைத் தெரிந்துகொண்டே செய்வேன்.

அவன் வீடு திரும்பிய பிறகு பலமுறை போனேன். கடைசியாகப் போனபோதும் மனைவிதான் கதவைப் பாதி திறந்தாள்.

“எப்படி இருக்கான்மா?”

“உயிரோட இருக்கிறார் அண்ணா. எங்களுக்கு அது காணும். நீங்க போங்கோ.”

உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. முன்பு போலவே தெளிவான குரல்.

“ஆர் வந்தது?”

அவள் என் முகத்தைப் பார்த்தபடியே, “ஒருத்தரும் இல்ல” என்றாள்.