மிங்க் தோல் சுரண்டிய மூன்று குளிர்காலங்கள்

எண்பதுகளின் கடைசியில் மூன்று குளிர்காலம் நான் மிங்க் தோல் சுரண்டினேன். டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊருக்கு வெளியே, பஸ் போகாத ஒரு தெருவின் முடிவில் இருந்த பண்ணை அது. மிங்க் என்பது கீரியைப் போல நீண்ட உடம்பும் மிக மென்மையான மயிரும் உள்ள பிராணி. நவம்பரில் மயிர் நன்றாக அடர்ந்துவிடும். அப்போது கொன்று, தோலை உரித்து, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஏலத்துக்கு ஆயத்தமாக்கிவிட வேண்டும்.

உரிக்கிறவர் பண்ணைக்காரர். காலுறையைக் கழற்றுவதுபோல, உட்புறம் வெளியே வரும்படி இழுத்தெடுப்பார். உருளையான ஒரு மரக்கட்டையில் அதை மாட்டி, கத்தியால் கொழுப்பைச் சுரண்டுவது என் வேலை. அழுத்தினால் மயிர்க்கால் அறுந்து மயிர் உதிரும். விட்டுவிட்டால் கொழுப்பு தங்கித் தோல் பழுதாகும். முன்னங்கால் மடிப்பில் தோல் கடதாசி மாதிரி இருக்கும். அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறகு தோல்களை மரத்தூளோடு பீப்பாயில் போட்டுச் சுழற்றி, பலகைகளில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். பலகை வேலை பண்ணைக்காரரின் மனைவியுடையது.

முதல் குளிர்காலத்தில் நான் டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடத்துக்குச் சற்று அதிகம். மனைவியும் ஐந்து வயது மகனும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. குடிவரவு அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டால் “பரிசீலனையில் இருக்கிறது” என்பார்கள். எனக்குத் தெரிந்த தமிழ் ஆண்கள் எல்லோருக்கும் அதே பதில்தான்.

டிசம்பரில் எங்கள் பங்குச் சுவாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. ஊரில் சண்டை நடந்தபோது சனங்கள் எங்கள் மாதா கோயிலில் தங்கியிருந்தார்கள் என்றும், அங்கே என் மகன் காய்ச்சலில் இறந்துபோனான் என்றும், மனைவி சுகமாக இருக்கிறாள் என்றும் எழுதியிருந்தார். கடிதம் வந்து சேர ஏழு வாரம் எடுத்திருந்தது. வாசித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

“வீட்டிலிருந்து ஏதாவது செய்தி உண்டா?” என்று பண்ணைக்காரரின் மனைவி கேட்டார். தினமும் கேட்பவர்தான்.

“எல்லோரும் சுகம்” என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த டேனிஷில் அதைத்தான் பிழையில்லாமல் சொல்லலாம்.

அலுவலகத்துக்கும் அறிவிக்கவில்லை. புதிதாக ஒரு கடதாசி போய்ச் சேர்ந்தால், எங்கள் கோப்பைத் திரும்பவும் அடியிலே வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். மனைவிக்குக் கடிதம் எழுதினேன். அவளும் எழுதினாள். இரண்டு பேரும் அவனைப் பற்றி எழுதவில்லை. இரண்டாவது குளிர்காலமும் அப்படியே போனது. அழுகை வரவில்லை. வரும் என்று சில நாள் காத்திருந்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த கோடையில் அனுமதி வந்தது. கடிதத்தின் டேனிஷ் எனக்குக் கடினமாக இருந்ததால் பண்ணைக்காரரின் மனைவியிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது! மனைவிக்கும் மகனுக்கும்!”

“ஒருவர்தான் வருவார்” என்றேன். “மகன் இறந்துவிட்டான்.”

“எப்போது?”

“முதல் குளிர்காலத்தில். இங்கே தோல் சுரண்டிக்கொண்டிருந்தபோது.”

அவர் கைகளை விடவில்லை.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் மனைவி ஒரு பையோடு வந்தாள். “சாப்பிட்டனீங்களோ?” என்றுதான் முதலில் கேட்டாள். ரயிலில் வழி முழுக்க நித்திரை கொண்டாள். வீட்டில் அரிசி எங்கே வாங்குவது, ஹீட்டரை எப்படித் திருப்புவது என்று கதைத்தோம். அவற்றைக் கதைக்கச் சிரமம் இருக்கவில்லை.

நவம்பர் வந்ததும், “நானும் வாறன்” என்றாள்.

மூன்றே நாளில் என்னைவிட நன்றாகச் சுரண்டினாள். அவளுடைய கை அழுத்தவும் இல்லை, தயங்கவும் இல்லை. பக்கத்துப் பக்கத்து மரக்கட்டைகளருகே நின்று வேலை செய்தோம். இரண்டாவது கிழமை, ஒரு முற்பகலில், தோலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லத் தொடங்கினாள்.

“மூண்டு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக றோட்டில்லை. சுவாமியார் தன்னட்ட இருந்த காய்ச்சல் குளிசையெல்லாம் தந்தவர்.”

“ம்.”

“கடைசி நாள் நடுங்கினவன். மூண்டு சீலை போத்தும் நிக்கேல்லை. டென்மார்க்கில இதைவிடக் குளிருமோ எண்டு கேட்டவன்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஓம் எண்டனான்.” சுரண்டி முடித்த தோலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டினாள். “அப்ப எனக்குப் பழகிடும் எண்டவன்.”

நான் கத்தியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

“எங்க புதைச்சவை?”

“சேமக்காலைக்குப் போகேலாது. கோயில் வளவுக்குள்ளதான். மதிலோட.”

பன்னிரண்டு மணிக்குக் கைகழுவிவிட்டுச் சாப்பிடப் போனோம். கறுத்த பாணும் மீனும் தந்தார்கள். அவள் இரண்டாவது துண்டும் எடுத்தாள். அன்று நாங்கள் சுரண்டிய தோல்களில் ஒன்றுகூடக் கிழியவில்லை. பண்ணைக்காரர் ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல வேலை” என்றார்.

அந்தக் குளிர்காலத்தோடு பண்ணை வேலையை விட்டோம். ஹோர்சன்ஸ் நகரில் இரண்டு பேருக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்த நீதியமைச்சர் மேல் நடந்த வழக்கு ஒருநாள் டெலிவிஷனில் ஓடியது. கோட்டும் டையும் போட்டவர்கள் நீதிமன்றப் படிக்கட்டில் இறங்கி வந்தார்கள்.

“தமிழர் என்று சொல்கிறார்கள். நாங்களா?” என்று மகள் டேனிஷில் கேட்டாள்.

“ஓம்” என்றாள் மனைவி.

“அந்தக் கோட்டுப் போட்டவர்கள் என்ன செய்தார்கள்?”

“கடதாசியளைப் பாக்காமல் வைச்சிருந்தவை.”

மகள் திரும்பித் தன் படத்துக்கு நிறம் தீட்டப் போனாள். மனைவி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ தெரியாது. எனக்கு மறுநாள் விடிய ஆறு மணிக்கு வேலை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்தச் செய்தி முடியும்வரை இருந்து பார்த்தேன்.