வெள்ளிக்கிழமை வந்த விருந்தாளி

எங்கள் வாய்க்கால் ஓரத்தில் யாரும் யார் வீட்டிலும் சாப்பிடுவதில்லை. குடியேற்றத் திட்டத்துக்காகக் காடு வெட்டிய புதிது, ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குடும்பமாக வந்து காணி பெற்றிருந்தோம். வரம்பில் நின்று நெடுநேரம் கதைப்போம், பகிடி விடுவோம். சோற்றுக்குக் கூப்பிட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்: "இப்பதான் சாப்பிட்டனான்." கூப்பிட்டவன் எந்த ஊர், ஆருடைய ஆள், என்ன சாதி என்று விசாரித்து முடியும்வரை ஒருவருக்கும் பசிக்காது.

மற்றவர்களுக்கு வீட்டில் மனிசர் இருந்தார்கள். என் மனைவியோ காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து தாய்வீட்டிலேயே நின்றுவிட்டார். பொழுதுபட்டால் நானும் அடுப்பும்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்றாலும், பழைய நீதிநூல்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாதியை நெஞ்சில் வைத்திருந்தேன். விருந்தாளியைத் தூரத்தில் கண்டதுமே முகம் மலர வேண்டும், அவர் உண்ணாமல் நாம் உண்ணக்கூடாது என்றெல்லாம் அவை சொல்லும். எல்லாம் சரி. ஆனால் விருந்தாளி வருவார் என்பதில் அந்தப் பழையவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. நான் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றிவைப்பேன்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், கத்தோலிக்க வேதக்காரர். என் வேலிப் படலையில் நின்று ஊர்ப்புதினம் எல்லாம் சொல்லுவார்.

"இருங்கோ அண்ணை, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"நான் இருப்பன் தம்பி, பெட்டிக்குள்ள கிடக்கிறது இருக்காதே. வெயில் ஏறுது."

இப்படியே பல மாதம். ஒருநாள் அவராகவே வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை உங்கட ஆக்கள் மீன் வாங்கமாட்டினம். நான் சும்மாதான். அண்டைக்கு வாறன்."

அந்தக் கிழமை முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை. வீட்டைக் கூட்டினேன், அவர் இருக்கக் கதிரையைக் கழுவினேன். வெள்ளிக்கிழமை நான் மரக்கறிதான். ஆனால் தினம் மீனோடு புழங்குகிற மனிசனுக்கு வெறும் பூசணிக்காயை வைப்பதா? விருந்தாளியின் வாய்க்கு ஏற்றபடி படைப்பதுதானே முறை? வேட்டைக்காரர் ஒருவரிடம் கேட்டு மரைமான் இறைச்சி வத்தல் வாங்கினேன். விடிய எழும்பி, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு, மிளகு அரைத்துப் போட்டுக் காய்ச்சினேன். உப்புக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் வந்தார். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். இலை போட்டு, சோறு வைத்து, சட்டியைத் திறந்தேன். மனிசன் பின்னுக்குச் சரிந்தார்.

"என்ன தம்பி இது?"

"மரை, அண்ணை. உங்களுக்கெண்டு காய்ச்சினனான்."

"ஐயோ, வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டமடா! மீன் எண்டாலும் பரவாயில்லை."

"நானும் தொடமாட்டன் அண்ணை."

"அப்ப இந்த மரை ஆருக்குச் செத்தது?" என்றார். "உங்கட வெள்ளி மரக்கறி எண்டு நம்பியல்லோ நான் வந்தனான்!"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. எழும்பிக் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினார். நான் மிளகாய் இடித்தேன். சம்பலும் சோறும்தான் விருந்து. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் காணிக்கு வந்த பிறகு, என் முன்னால் இன்னொரு வாய் மெல்லுகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். பழையவர்கள் சொன்னதில் மலர்ந்த முகம் மட்டுமே என்னால் சரியாகச் செய்யமுடிந்தது. அதுவே போதுமாகவும் இருந்தது.

கை கழுவும்போது கேட்டார்: "மனிசி எப்ப வாறா?"

"வருவா," என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். வெயில் தாழ முன் சைக்கிளை எடுத்தார். படலை வரை போனேன். பிறகு வீதி வரை போனேன். தூசி அடங்கியும் சற்று நேரம் நின்றேன். திரும்பி வந்தால் வீடு நேற்றையதைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை இறைச்சியைச் சூடாக்கினேன். பதமாக வெந்திருந்தது, உப்புத்தான் கொஞ்சம் கூடிவிட்டது. அதைச் சொல்ல வாய் திறந்துவிட்டு, சட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.