வெள்ளிக்கிழமை சர்வர்

கைய எடுங்க பாய்

கம்பெனி சர்வரை மூடுகிற அன்றைக்குப் பார்த்துத்தானா கரண்ட் போகவேண்டும்? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டரும் ஐ.எஸ்.டி. பூத்தும் சேர்த்து நான் நடத்திய காலம். யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது.

மூடப்பட்டது, பல ஊர்க்காரர்கள் நெட் வழியாகச் சேர்ந்து ஆடும் ஒரு கார் ரேஸ் விளையாட்டின் சர்வர். என் கடையில் அதை நம்பி ஒருவர் இருந்தார். தோல் வியாபாரி ரஹீம் பாய். அவர் மகன் யூசுப் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டான். போனில் பேசினால் ரெண்டாவது வார்த்தையிலேயே முட்டிக்கொள்வார்கள். அதனால் பேசுவதையே விட்டிருந்தார்கள். யூசுப் என் கடையில் விளையாடிப் பழகியவன். அங்கே போயும் அதை ஆடிக்கொண்டிருந்தான். அவன் பெயர் திரையில் ஓடுவதை ஒருநாள் பாய்க்குக் காட்டினேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்பன் காரும் மகன் காரும் சேர்ந்து ஓடும். பேச்சு கிடையாது, ஹாரன் மட்டும்தான்.

"இதுவும் போச்சுன்னா அவன் இருக்கானா இல்லையான்னே தெரியாதும்மா" என்றார், மூடப்போகிற சேதியைச் சொன்னதும்.

விளையாடுகிறவர்கள் சிலர் சேர்ந்து எழுதிய ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதைப் போட்டால் நம் மெஷினே சர்வராகிவிடும். ஆனால் கம்பெனி கொடுக்கும் கடைசி அப்டேட் வேண்டும். அது பாய் உட்காரும் மெஷினில் இறங்கி முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். இனி எங்கேயும் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், பிரவுசிங் சென்டரில் மெஷின்களை ஃப்ரீஸ் செய்து வைத்திருப்போம். அணைத்தால் புதிதாகச் சேர்ந்தது எல்லாம் அழிந்துவிடும். வைரஸும் போகும், அப்டேட்டும் போகும். அதனால் கடைக்குள் ஓடும் லேன் வயர் வழியாக, ஃப்ரீஸ் செய்யாத என் மெஷினுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனது. பேட்டரியோ பழசு. மற்ற மெஷின்களை அணைத்தால்தான் காப்பி முடியும்வரை தாங்கும்.

"எல்லாரும் மெஷின ஆஃப் பண்ணுங்க!"

"செத்த நேரம்க்கா!"

"ஏலே, ஆஃப் பண்றியா, வயரப் புடுங்கவா?"

திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போது, சொன்னதைத் தட்டாத மனிதர் ரஹீம் பாய், தன் மெஷினின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"பாய்! கைய எடுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. பாவம், மனுஷன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நீங்கதானம்மா எல்லாரையும் ஆஃப் பண்ணச் சொன்னீங்க?" என்றார். "உங்க மெஷின் மட்டும் ஓடணும் பாய்" என்றேன். காப்பி முடிந்தது. கொஞ்ச நேரத்தில் யு.பி.எஸ்ஸும் செத்தது.

மாறுகிற நம்பர்

சர்வர் ஓடியது. ஆனால் எங்கள் இணைப்பின் முகவரி மாதிரியான ஐ.பி. நம்பர், நெட் போடும் ஒவ்வொரு முறையும் மாறும். புது நம்பரைப் போட்டால்தான் யூசுப் உள்ளே வர முடியும். யாராவது அவனுக்குப் போன் செய்து சொல்லவேண்டும்.

"நீங்களே சொல்லிருங்கம்மா. நான் பேசுனா வம்பாயிரும்."

"எனக்கு வேற வேலை இல்லையா? உங்க மகன், நீங்க பேசுங்க" என்று பூத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். எரிச்சலில் செய்ததுதான், பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

நம்பர் எழுதிய சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே நானும் நின்றேன். "அத்தாதான் பேசுறேன். நம்பர் எழுதிக்க" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நடுவில் ஒன்றை விட்டுவிட்டார் போல, அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. போச்சுடா என்று நினைத்தேன். பாய் கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அன்று நம்பரைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் நம்பருக்குப் பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார். அப்புறம் வந்த வாரங்களில் பூத்தை விட்டு வெளியே வரவே நேரமாகும். சில நாள் கார் ஓட்டாமலேயே வீட்டுக்குப் போய்விடுவார்.

பிறகு மாறாத நம்பர் வாங்க வசதி வந்தது. நல்ல சேதி என்று நினைத்து பாயிடம் சொன்னேன். "இனிமே வாராவாரம் போன் போட வேண்டாம் பாய்."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"வேணாம்மா. அது பாட்டுக்கு மாறட்டும்."

நான் அதை வாங்கவில்லை. சிஸ்டம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு குறையைச் சரிசெய்யும் முன், அதை வைத்து யாராவது பிழைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.